திங்கட்கிழமை வரை காத்திருந்த அறிவிப்பு

முப்பத்திரண்டு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் இப்படி எழுதிப் படித்திருக்கிறேன். அவர்களிடம் முப்பது வருடக் கதை இருக்கும். என்னிடம் இருப்பது ஐந்து வருடம். எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை, வழியனுப்பு விழாவும் நடத்தவில்லை. மகளுக்கு ஒன்றரை வயதானபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகமாட்டேன் என்று தெரிந்துவிட்ட வேலையைப் பற்றி எழுத வயது ஒரு தடையில்லை என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

போன மாதம் கவிதா போன் செய்தாள். பல்கலைக்கழக இணையதளப் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள்.

"அக்கா, வெப்சைட்ல இதப் போடு, அதப் போடுன்னு வர்றதையெல்லாம் வரிசைப்படுத்த இங்க சாஃப்ட்வேர் போடப் போறாங்க. நீங்க இருந்தப்போ மார்க் போட்டு செஞ்சீங்களாமே, அந்த ஃபார்ம் எதனா கையில இருக்குதா? ரொம்ப நல்ல சிஸ்டம்னு எல்லாரும் சொல்றாங்க."

தேடி எடுத்து அனுப்பினேன். நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நல்ல முறையில் மாகறலில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் போயிற்று. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதையும் கவிதாவுக்கு எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன், வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போனதற்குப் பெரிய பின்னணி ஒன்றும் கிடையாது. பி.எஸ்ஸி. கணிதம், காந்தி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதப் படிப்பு, பிறகு கல்யாணம். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தில் வெப்சைட் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டவர்களே எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். நூலகத்தின் பைண்டிங் அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். எத்தனை முறை பெருக்கினாலும் அந்த அறையில் பசை வாசனை போகவில்லை.

எங்கள் பிரிவில் நானும் ஜாபரும்தான். ஜாபர் படங்கள், வடிவமைப்பு எல்லாம் பார்ப்பார். அவர் குடும்பத்துக்கு ஊரில் சரிகைக் கடை. என்னை 'சிஸ்டர்' என்பார். முதல் வருடம் எங்கள் வேலைகளுக்கு ஒரே ஒரு ஒழுங்குதான் இருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் யார் வந்து நிற்கிறாரோ அவர் வேலை முதலில் நடக்கும். துறைத் தலைவர்கள் தாங்களே வந்து நிற்பார்கள், தங்கள் போட்டோவை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லி. நிற்க முடியாதவர்கள் ஆளை அனுப்பி நிற்கவைப்பார்கள். யாரும் நிற்காத வேலை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரண்டாம் வருடம் வரதன் சார் எங்களுக்குப் பொறுப்பாளராக வந்தார். நூலகத்தில் பல வருடம் அட்டைப் பட்டியல் பார்த்தவர். நூலகம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் எங்களிடம் அனுப்பினார்கள். "எனக்கு உங்க கம்ப்யூட்டர் தெரியாது. வரிசை தெரியும்" என்று முதல் நாளே சொன்னார்.

அவருக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. அன்று மதியம் எங்களிடம் ஒரு கதை சொன்னார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு கேஸ். ரெண்டு குடும்பத்துல யாருக்கு முதல்ல தீர்த்தம்னு. உத்தரணியில ஒரு சொட்டு, குடிச்சா தாகம்கூடத் தீராது. கேஸ் போட்ட ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, கேஸ் மட்டும் இருக்கு. அந்தச் சண்டை இந்த ரூம்ல வேண்டாம்."

அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் அவர் படிவம் கொண்டுவந்தார். அதில் மூன்று கேள்விகள். இதை எத்தனை பேர் பார்ப்பார்கள்? எந்தத் தேதிக்குள் வேண்டும்? இந்தத் தகவல் வேறு வழியில் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். 'உடனடி', 'மிக அவசரம்' என்று எழுதினால் சைபர், தேதி எழுதினால்தான் மார்க். வேறு வழியில் தகவல் போகிறது என்றால் அதற்கும் சைபர். வந்த படிவத்துக்கு நான் பென்சிலால் மார்க் போட்டு, சுருக்கத்தை ஓர் அட்டையில் எழுதி வைக்கவேண்டும்.

அட்டைகளை வைக்க நூலகத்திலிருந்தே ஓர் இழுப்பறை கொண்டுவந்தார். பழைய பட்டியல் இழுப்பறை. அட்டையின் அடியில் துளை இருக்கும், எல்லா அட்டைகளின் துளையிலும் ஒரு பித்தளைக் கம்பி ஓடும். முன்பக்கம் திருகைக் கழற்றினால்தான் கம்பி வரும், கம்பி வந்தால்தான் அட்டை இடம் மாறும். திங்கட்கிழமை பத்து மணிக்கு சார் திருகைக் கழற்றி, மார்க் வரிசைப்படி அட்டைகளைக் கோத்து, மறுபடி முடுக்குவார். அந்த வாரம் அதுதான் வரிசை. நடுவில் வந்ததற்குப் பத்து மார்க்கோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் கம்பியை எடுப்பார். மற்றதெல்லாம் அடுத்த திங்கள்.

சாரின் தோரணையைச் சொல்லவேண்டும். யாராவது கோபமாக உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். பேனாவை மூடுவார். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் பேசமாட்டார். பிறகு படிவத்தை இரண்டு கையாலும் நீட்டுவார். "நீங்கோ சொன்னதெல்லாம் நியாயம். இதுல எழுதிக் கொடுத்துடுங்கோ. வரிசையில வந்துடும்." மூன்று மாதத்தில் என் நாற்காலிக்குப் பக்கம் ஆள் நிற்பது நின்றது. எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போதும் மறுக்கமாட்டேன். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வந்த கழுத்து வலியும் போயிற்று.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. வேந்தர் அலுவலகத்திலிருந்து வரும் வேலைக்கு அட்டை எழுதுவோம், ஆனால் துளை போடமாட்டோம். அது கம்பியில் ஏறாது, எல்லாவற்றுக்கும் முன்னால் சும்மா நிற்கும். "அதுக்கும் மார்க் போடலாமா சார்?" என்று ஒரு முறை ஜாபர் கேட்டார். "பெருமாளுக்கு யாராவது டோக்கன் குடுப்பாளா?" என்றார் சார். சிரித்தோம்.

ஒரு முறை நான் விதியை மீறினேன். வேதியியல் விரிவுரையாளர் ஒருவர், பாவம், கருத்தரங்கத் தேதி ஒன்றை மாற்றக் கேட்டார். பத்து நிமிட வேலை. செய்து கொடுத்தேன். மறுநாள் சார் இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"இந்த வேலைக்கு அட்டை எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"அப்போ இந்த வேலையை யாரும் செய்யலை. எடுத்துடுங்கோ. பத்து நிமிஷ வேலைன்னு ஒண்ணு கிடையாது அமுதா. அது பின்னாடியே இன்னும் பத்து நிக்கும்."

போட்டதை என் கையாலேயே எடுத்தேன். விரிவுரையாளர் படிவம் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் மீறவில்லை. சொன்னதைச் செய்கிற பெண் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பேர் எடுத்தவள் நான். அது நல்ல பேர்தான் என்று அன்று நினைத்தேன்.

மகேஸ்வரி எங்கள் அறைக்கு வழி தவறி வந்தார். அஞ்சல் வழியில் பி.எட். கடைசி வருடம். மாகறலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தை. அப்போது என் மகளுக்கும் அதே வயது. அதனால்தான் உட்காரச் சொன்னேன் போலிருக்கிறது.

"லெட்டர் எல்லாம் கூரத்துக்குப் போவுதுமா, அம்மா வீட்டு அட்ரஸ். கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தது. மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்து ஆறு மாசம் ஆவுது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, வர்றத டப்பாவுல போட்டு வெச்சுக்கினு இருக்குது. பரீட்சை சமாச்சாரம் எதனா மாறுச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"வெப்சைட்ல பாருங்க. எது மாறினாலும் முதல்ல அதுலதான் வரும்." என் கம்ப்யூட்டரிலேயே திறந்து, அறிவிப்புகள் ஓடும் இடத்தைக் காட்டினேன். கட்டண ரசீதின் பின்பக்கம் முகவரியை எழுதிக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது, வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றார்.

"இந்த வருஷம் முடிச்சே ஆவணும்மா. பாஸ் பண்ண உடனே எம்ப்ளாய்மென்ட்ல பதியணும். முன்னாடி பதிஞ்சவங்களுக்குத்தான முன்னாடி வேலை. ஒரு வருஷம் தள்ளிப்போச்சுன்னா எனக்கு முன்னாடி ஒரு ஊரே போய் நிக்கும்."

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையைப் பதிவு மூப்பு பார்த்துக் கொடுத்த காலம் அது. எனக்குத் தெரியும். என் அண்ணியும் அந்த வரிசையில் இருந்தவர்.

சில மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை அஞ்சல் வழிப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. காஞ்சிபுரம் தேர்வு மையத்தைச் செங்கல்பட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், வெப்சைட்டில் போடவும். தேதிக் கட்டத்தில் 'உடனடி' என்று எழுதியிருந்தார்கள். வேறு வழியில் தகவல் போகிறதா என்ற இடத்தில் 'ஆம், தபால் மூலம்'. இணைப்பில் பார்த்தேன். தேர்வு திங்கட்கிழமை காலை பத்து மணி.

எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதற்கு நான் ஒன்று போட்டேன். அஞ்சல் வழி மாணவர்களுக்கு இன்டர்நெட் ஏது என்று எப்போதும் ஒன்றுதான் போடுவேன். கை பழகிவிட்டது. ஒருவர் நிச்சயம் பார்ப்பார் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா? வந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒருவர்தானே, அதற்கு ஒரு மார்க் சரிதானே என்றுகூட நினைத்திருப்பேன்.

"சார், இதுல தேதி போடல. ஆனா இணைப்புல திங்கட்கிழமைன்னு இருக்குது."

"இணைப்புக்கு மார்க் கிடையாதே. திருப்பி அனுப்பிடுங்கோ. தேதி போட்டு வரட்டும்."

"நாமே போட்டுக்கலாமா சார்?"

சார் பேனாவை மூடினார். "அவா எழுதவேண்டியதை நாம எழுத ஆரம்பிச்சா, அப்புறம் அது யார் வரிசை?"

தபால் பையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் கட்டடம் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் துளையில்லாத அட்டை ஒன்றுதான் வேலை. பட்டமளிப்பு விழாவுக்காக முதல் பக்கத்தில் வேந்தர் படம் மங்கித் தெளிந்து மங்கித் தெளிந்து வரவேண்டும். சுற்றிலும் பட்டுக்கரை. வேந்தர் போர்த்தியிருந்த பட்டு அரக்கு நிறம். திரையில் அது காப்பிப்பொடி மாதிரி தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு ஊராக இருந்தால் விட்டிருப்பார்கள். இந்த ஊரில் அரக்குக்கும் பிரவுனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் யார்? பதிவாளர் வந்து பார்த்தார், கணக்கு அலுவலர் வந்து பார்த்தார், டீ கொண்டுவருபவர்கூட "இது அரக்கு இல்ல சார், வெங்காயத் தோல்" என்றார். ஜாபர் தன் மாமா கடையிலிருந்து அரக்குப் பட்டு ஒரு துண்டு கொண்டுவந்து திரைமேல் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"சிஸ்டர், வேந்தர் பட்டம் குடுப்பாரு, எனக்குப் பைத்தியக்காரன் பட்டம் குடுத்துட்டாரு."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியளவில் அந்தப் படிவம் திரும்பி வந்தது. தேதிக் கட்டத்தில் திங்கட்கிழமையின் தேதி. தேதிக்கு ஐந்து, ஆக மொத்தம் ஆறு. நான் ஒன்றுக்குப் பதில் ஐந்து போட்டிருந்தால் பத்து ஆகியிருக்கும். சார் கம்பியை எடுத்திருப்பார். சார் பதிவாளர் அறையில் இருந்தார். அந்த நேரத்தில் மாமியார் போன் செய்தார். "பாப்பாவுக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுமா, சீக்கிரம் வா." படிவத்தை இழுப்பறைமேல் வைத்தேன்.

"ஜாபர், சார் வந்தா இத காட்டுங்க. திங்கட்கிழமை பரீட்சை."

"சார் வந்தா அரக்கு என்னாச்சும்பாரு சிஸ்டர். நீங்க கெளம்புங்க, பாப்பாவப் பாருங்க."

பஸ் நாலரைக்கு. பத்து நிமிடம் இருந்தது. பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். சில நாள் யோசித்தால், இல்லை, ஐந்து நிமிடம்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு வரி ஏற்றியிருக்க முடியாதா என்று உடனே அடுத்த கேள்வி வருகிறது. அட்டை இல்லாத வேலை யாரும் செய்யாத வேலை என்று சொல்லி சார் எடுக்கச் சொல்லியிருப்பார். எடுக்கும்வரையாவது இருந்திருக்கும்.

சனிக்கிழமை லீவு போட்டேன். காய்ச்சல் ஞாயிறு காலை இறங்கியது. ஜாபருக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை வந்தபோது படிவம் வைத்த இடத்திலேயே இருந்தது, அட்டை எழுதி வைத்தேன். சார் பத்து மணிக்குத் திருகைக் கழற்றினார். அந்த அட்டையைப் பார்த்ததும், "இன்னிக்கே தேதியா? முதல்ல போடுங்கோ" என்றார்.

"சார், பரீட்சை பத்து மணிக்கே தொடங்கியிருக்கும்."

"அட்டையில தேதிதானே மா இருக்கு. நேரம் இல்லையே."

பத்து இருபதுக்கு ஏற்றினேன். பக்கத்தில் 'புதிது' என்று மின்னும் எழுத்தும் வைத்தேன்.

புதன்கிழமை மகேஸ்வரி வந்தார். கணவர் வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். மகேஸ்வரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சனிக்கிழமை சாயங்காலம்கூட பார்த்தேன்மா. ஐயா போட்டோதான் வந்து வந்து போய்க்கினு இருந்துது. வேற ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை ஸ்கூல் கேட்டுக்குப் போனா வாட்ச்மேன் செங்கல்பட்டுன்றாரு. பஸ் புடிச்சுப் போய்ச் சேர பதினொண்ணேகால். உள்ள விடமாட்டேன்ட்டாங்க."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எக்ஸாம் செக்‌ஷன்ல மனு குடுத்திருக்கேன். பரீட்சைக்கு முன்னாடி வெப்சைட்ல போடலன்னு தெரிஞ்சா தனியா ஒரு பரீட்சை வெக்கறதப் பத்தி யோசிப்பாங்களாம். உங்கள கேப்பாங்களாம். நீங்க சொல்லிடுங்கமா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"சொல்றேன்" என்றேன்.

கேட்டார்கள். முறைப்படி எங்கள் படிவத்திலேயே கேட்டார்கள். 'தேர்வு மைய மாற்ற அறிவிப்பு இணையதளத்தில் வெளியிடப்பட்டதா?' எந்தக் கோப்பு எப்போது ஏறியது என்பது சர்வரில் தானாகவே பதிவாகியிருக்கும். அதை ஒரு தாளில் அச்செடுத்தேன். நாள், மணி, நிமிடம் எல்லாம் எழுதிப் பதிலைத் தட்டச்சு செய்து சாரிடம் வைத்தேன். அவர் பென்சிலை எடுத்து மெதுவாக இரண்டாவது வரியின்மேல் கோடு போட்டார்.

"வெளியிடப்பட்டதான்னு கேட்டிருக்கா. ஆம். அவ்வளவுதான் கேள்வி."

"சார், அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம்."

"தெரியறது." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நேரம் எழுதினா ஏன் லேட்டுன்னு கேப்பா. அந்த வாரம் என்ன பண்ணிண்டிருந்தேள்னு கேப்பா. என்ன சொல்லப்போறேள், அரக்குன்னா? நாம பொய் சொல்லலை அமுதா. கேட்டதுக்குப் பதில் சொல்றோம்."

அவர் முகத்தில் பயம் இருந்தது. எழுந்து நின்று கேட்டுக்கொண்டு யாருக்கும் வளையாத மனிதர் என்று நான் நினைத்தவர். எனக்கும் பயம்தான். என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. மகளுக்குத் தடுப்பூசி, டாக்டர், பால் பவுடர் என்று அப்போது வீட்டில் என் சம்பளமும் வேண்டியிருந்தது. இதையெல்லாம் சாக்காகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. திரும்பத் தட்டச்சு செய்தேன். 'ஆம், வெளியிடப்பட்டது.' தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மனு தள்ளுபடி ஆயிற்று. பட்டமளிப்பு விழா முடிந்ததும் அந்த அரக்குப் பக்கத்தையும் எடுத்துவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து வேலையை விட்டேன். குழந்தைக்காக விட்டாள் என்றார்கள். மாமியார் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார். மறுக்கவில்லை.

விட்ட பிறகு ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு மாகறலுக்குப் பஸ் ஏறினேன். பையில் அந்த அச்செடுத்த தாள். அதைக் கொடுத்தால் மேலே யாருக்காவது எழுதலாம், வக்கீல் வைக்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கோயிலைத் தாண்டி இரண்டாவது தெரு. மகேஸ்வரி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, மகள் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். பக்கத்து ஊர் நர்சரி பள்ளியில் பாடம் எடுப்பதாகச் சொன்னார். அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

தாளைக் கொடுத்தேன். படித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"பத்து இருபது." கணக்குப் போடுவதுபோல மேலே பார்த்தார். "அப்போ நாங்க வாலாஜாபாத் தாண்டியிருப்போம். பாப்பா வாந்தி எடுத்துச்சு."

"இத வெச்சு இப்பகூட எழுதலாம்ங்க. நான் சாட்சி சொல்றேன்."

"அன்னிக்கு உங்கள கேட்டாங்களாமா?"

"கேட்டாங்க."

அவர் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என் பையின் வெளிப்பக்கத்தில் செருகினார்.

"ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் நாலுக்குத்தான்மா. வெயில்ல குழந்தைய வெச்சுக்கினு நிக்காதீங்க. கெளம்புங்க."